காதலுக்கு முன்னால் பழக்கம் வரோணும்

கேள்வி: கோபி பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவன். வயது 29. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் வேலை. தனியாக இருப்பது பிடிக்கும். பெண்களிடம் பேச நா எழாது. கம்பெனி பஸ்ஸில் வரும் ஒரு பெண்ணை மூன்று வருடமாக மனதுக்குள் நினைத்துக்கொண்டிருக்கிறேன், ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டில் ஜாதகம் எடுத்துவிட்டார்கள். என்னைப் போன்ற ஆளுக்குக் காதல் வருமா? அதைப் பழக முடியுமா?

பதில்:

வரும், பழகவும் முடியும். ஈரோட்டில் மனநல ஆலோசகராக இருப்பதால் உங்களைப் போன்ற பலரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் காதல் என்பதை ஒரு நாள் காரியமாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என்றைக்காவது தைரியம் வரும், அன்றைக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று. அந்த நாள் வராமலே வருடங்கள் ஓடிவிடுகின்றன. அந்த நாளை விட்டுவிடுங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். தைரியத்தைக் காட்டிலும் கூச்சக்காரருக்கு அதிகம் தேவைப்படுவது, ஒரே இடத்தில், ஒரே ஆட்கள் கண்ணில், வாரா வாரம் படுகிற பழக்கம். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும்.

இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் நிறையப் பேர் இதைத் தங்கள் குறை என்று சுமந்துகொண்டு திரிகிறார்கள். பிறவியிலேயே கொஞ்சம் உண்டு. ஹார்வர்டில் ஜெரோம் கேகன் என்ற உளவியலாளர் நான்கு மாதக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை, புதிய ஓசைக்கும் புதிய பொருளுக்கும் கை கால் உதறி அழுதது. அந்தக் குழந்தைகள்தான் பின்னாளில் புது ஆளைக் கண்டால் ஒதுங்குகிற பிள்ளைகளாக வளர வாய்ப்பு அதிகமாக இருந்தது. ஆனால் எல்லோரும் அப்படி ஆகிவிடவில்லை. வளர்ந்த விதமும் சேர்ந்துதான் ஆளைத் தீர்மானிக்கிறது.

வளர்ந்த விதம் என்று வந்தால் நம் கொங்குப் பக்கத்துக்குத் தனிக் கதையே இருக்கிறது. கிணற்றுப் பாசனம் நம் குடும்பங்கள் பலவற்றைத் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்துக்குள்ளேயே இருக்கிற வீட்டில், குடிவைத்தது. பக்கத்து வீடு என்றாலே ஒரு தோட்டம் தள்ளித்தான். சாயங்காலம் ஸ்கூல் வேன் இறக்கிவிட்டுப் போனால் மறுநாள் காலை வரை மாடு, நாய், அப்பாரு, ஆத்தா, அவ்வளவுதான் உலகம். ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளையோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கமும் நம் பகுதியில் முன்னாலேயே வந்துவிட்டது. அதனால் மாமன் மகள், அத்தை மகன் என்று கேலி பேசி வளர வீட்டில் ஆள் குறைந்தது. அந்த முறைக்கேலிதான் பழைய காலத்தில் ஆணும் பெண்ணும் வாயைத் திறந்து பேசக் கிடைத்த அனுமதி. பிறகு நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் ஏதாவது ஒரு ஹாஸ்டல் பள்ளி. விடியற்காலை ஸ்டடியில் தொடங்கி ராத்திரி ஸ்டடி வரைக்கும் மார்க்கைத் தவிர வேறு பேச்சில்லை. பெண் பிள்ளையிடம் பேசினால் வீட்டுக்கு போன் போகும். அதற்குப் பிறகு இஞ்சினியரிங் கல்லூரி, அங்கேயும் பஸ்ஸில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். இருபத்திரண்டு வயது வரை பேசாதே பேசாதே என்று காவல் காத்துவிட்டு, கல்யாண வயதில் "ஏன் யாருகிட்டயும் பேச மாட்டேங்கிறே" என்று கேட்டால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? யாரும் பழக்கிவிடாத ஒன்று கைவராமல் போனதற்கு நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தனியாக இருப்பது பிடிக்கும் என்கிறீர்கள். அதை மாற்றிக்கொள்ள வேண்டாம். தனிமையை விரும்புவது வேறு, கூச்சம் வேறு. கல்யாண வீட்டுக் கூட்டத்திலிருந்து வீடு திரும்பும்போது "அப்பாடா" என்று இருந்தால் அது சுபாவம். போவதற்கு முன்பே வயிறு கலங்கி, வந்த பிறகும் "அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதே" என்று ராத்திரியெல்லாம் மனதில் ஓடிக்கொண்டிருந்தால் அது கூச்சம். வேலை செய்ய வேண்டியது இந்த இரண்டாவதில் மட்டும்தான். தனிமை பிடித்தவர்கள் நன்றாகவே காதலிக்கிறார்கள். நூறு பேரிடம் சிதறாத கவனம் அவர்களிடம் மிச்சம் இருக்கிறது.

கூச்சத்தின்போது உள்ளே நடப்பது என்ன என்பதை டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இருவர் 1995இல் தெளிவாக விளக்கினார்கள். இன்றைய சிகிச்சைகள் பல அதன் மேல்தான் நிற்கின்றன. சாரம் இதுதான்: ஆள் முன்னால் நின்றதும் நம் கவனம் மொத்தமும் உள்பக்கம் திரும்பிவிடுகிறது. குரல் நடுங்குகிறதா, முகம் வேர்க்கிறதா, கையை எங்கே வைப்பது என்று நம்மையே கண்காணிக்கத் தொடங்கிவிடுகிறோம். எதிரில் இருப்பவர் சொல்வது பாதிதான் காதில் விழும். அடுத்து பேச வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்ப்பது, செல்போனைத் தடவிக்கொண்டே இருப்பது, கண்ணைப் பார்க்காமல் பதில் சொல்வது எல்லாம் தற்காப்புக்காகச் செய்வது. எதிரில் இருப்பவருக்கோ "இவருக்கு நம்மளைப் பிடிக்கலை போல" என்று தோன்றும். நம் பக்கத்துப் பையன்கள் பலருக்குத் "தலைக்கனம் பிடிச்சவன்" என்ற பெயர் வந்தது இப்படித்தான்.

நம்மை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணமும் பெரும்பாலும் பொய். கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குக் கூச்சம் தரக்கூடிய ஒரு டி-ஷர்ட்டைப் போட்டுவிட்டு, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். 2000இல் வெளியான ஆய்வு அது. போட்டிருந்தவர்கள், ஏறத்தாழ பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது நாலில் ஒருவர்தான். உங்களுக்கு இன்னும் நெருக்கமானது 2018இல் எரிகா பூத்பியும் அவரோடு சேர்ந்தவர்களும் வெளியிட்டது. முன்பின் தெரியாத இருவரைப் பேசவிட்டு, பிறகு தனித்தனியாகக் கேட்டால், "அவருக்கு என்னை அவ்வளவாகப் பிடித்திருக்காது" என்றுதான் இருவருமே சொல்கிறார்கள். உண்மையில் பிடித்திருந்தது அதைவிட அதிகம். கூச்சம் கூடக் கூட இந்தத் தப்புக்கணக்கும் கூடுகிறது. ஆகவே ஒரு பேச்சு முடிந்ததும் உங்கள் மனசு போடுகிற மார்க்கை அப்படியே நம்பாதீர்கள்.

இதற்கு என்ன செய்வது? கவனத்தை வெளியே திருப்பப் பழக வேண்டும். பெண்களிடம் தொடங்க வேண்டியதில்லை. பேக்கரியில் டீ போடுகிறவர், கண்டக்டர், தேங்காய்ப் பருப்பு மூட்டையோடு பக்கத்தில் வந்து உட்காரும் வெள்ளகோவில் பெரியவர் என்று யாரிடம் இரண்டு வார்த்தை பேசினாலும், பேசி முடித்ததும் அவரைப் பற்றி என்ன தெரிந்துகொண்டேன் என்று பாருங்கள். என்ன கவலையில் இருந்தார், எதைச் சொல்லும்போது முகம் மலர்ந்தது? இதற்குப் பதில் இருந்தால் உங்கள் கவனம் வெளியே இருந்தது என்று அர்த்தம். செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பேசிப் பாருங்கள், ஒத்திகை பார்க்காமல் பேசிப் பாருங்கள். முதலில் தடுமாறும், பரவாயில்லை.

கூச்சம் அளவு மீறி, மீட்டிங்கில் பேச வேண்டுமே என்று பதவி உயர்வையே வேண்டாமென்று சொல்வது, நெஞ்சு படபடத்து வெளியே போகவே முடியாமல் இருப்பது, இரண்டு ரவுண்டு போட்டால்தான் பேச்சு வருகிறது என்ற நிலை, இவற்றில் ஏதாவது இருந்தால் அது சிகிச்சை தேவைப்படும் சமூகப் பதற்றம். நன்றாகக் குணப்படுத்தக்கூடியது. பேச்சு வழிச் சிகிச்சையும் இருக்கிறது, தேவைப்பட்டால் மருந்தும் இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். கூச்சக்காரர்களுக்கு போன் செய்வதே மலைப்பு என்று தெரியும். "எனக்குப் பேச வரலைங்க" என்று தொடங்கினால் போதும், அவர்கள் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

இனி அந்தப் பஸ் பெண். உங்களுக்கு வலிக்கும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். மூன்று வருடமாக நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பவர் அந்தப் பெண் இல்லை, அவர் முகத்தை வைத்து நீங்கள் மனதில் உருவாக்கிக்கொண்ட ஒருவர். டோரதி டென்னோவ் என்ற உளவியலாளர் 1979இல் இந்த மயக்கத்தை விரிவாக எழுதினார். கொஞ்சம் நம்பிக்கை, கொஞ்சம் சந்தேகம், இந்த இரண்டும் தீராமல் இருக்கும்வரை மயக்கம் வளர்ந்துகொண்டே போகும். திரும்பிப் பார்த்தாரா, சிரித்தாரா, நமக்காகத்தான் அந்த சீட்டா என்று எதையும் எடுத்து அர்த்தம் பண்ணும். பேசிப் பழகிவிட்டால் ஒன்று அது கலைந்துவிடும், அல்லது உண்மையான ஒன்றாக மாறும். கூச்சக்காரர் பேசாமலே இருப்பதால் இரண்டும் நடக்காமல் அப்படியே நிற்கிறது.

இந்த மூன்று வருடத்தை ஒரு கடிதத்தில் எழுதி அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். உங்களுக்கு அது காதல். அவருக்கு, தெரியாத ஓர் ஆள் மூன்று வருடமாகத் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்ற பயம். பின்னாலேயே போவது, நம்பர் தேடி மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருப்பது எல்லாம் பெண் விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் தொடர்ந்தால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் குற்றம். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. ஆனாலும் அவர் பக்கமிருந்து ஒருமுறை யோசித்துப் பாருங்கள். காலையில் பஸ்ஸில் ஏறும்போது "குட் மார்னிங்க" என்று பொதுவாகச் சொல்லுங்கள், அவருக்கு மட்டுமல்ல, ஏறுகிற எல்லோருக்கும். அங்கிருந்து பேச்சு வளர்ந்தால் வளரட்டும். வளராவிட்டால் மனதை மெல்ல விடுவியுங்கள்.

பழக்கம் வரக்கூடிய இடம் எது? இதுதான் இந்தப் பதிலிலேயே முக்கியமானது. 1992இல் மோர்லேண்ட், பீச் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு பெரிய கல்லூரி வகுப்புக்கு நான்கு பெண்களை அனுப்பினார்கள். ஒருவர் அந்தப் பருவம் முழுக்க வரவேயில்லை. மற்றவர்கள் ஐந்து, பத்து, பதினைந்து முறை வந்தார்கள். யாரிடமும் பேசவில்லை, வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். பருவ முடிவில் படங்களைக் காட்டிக் கேட்டபோது, அதிக முறை வந்தவரைத்தான் மாணவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது. ஒரு வார்த்தை பேசாமலே இவ்வளவு நடக்கிறது. கூச்சக்காரர்களுக்கு இதைவிட நல்ல செய்தி எனக்குத் தெரிந்து இல்லை.

ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவை: வாரம் ஒருமுறையாவது கூட வேண்டும், அதே ஆட்கள் வர வேண்டும், ஆணும் பெண்ணும் இருக்க வேண்டும், கைக்கு ஏதாவது வேலை இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம். கை சும்மா இருந்தால்தான் கூச்சக்காரருக்குத் திண்டாட்டம்.

நம் பக்கத்தில் இப்போது ஊருக்கு ஊர் நடக்கிற கும்மிப் பயிற்சியைப் பாருங்கள். வள்ளி ஒயில் கும்மி ஒரு காலத்தில் ஆண்களே ஆடியது. 2024இல் பத்மஸ்ரீ பெற்ற கோவைக் கலைஞர் பத்திரப்பன் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்து அந்த வழக்கத்தை மாற்றினார். அவிநாசிப் பக்கம் ஒரு பயிற்சியை நின்று பார்த்தேன். கோயில் மைதானத்தில் டியூப்லைட் வெளிச்சம். தறி ஓட்டிவிட்டு வந்தவர், பனியன் கம்பெனியில் செக்கிங் முடித்து வந்த பெண், பள்ளிக்கூடப் பிள்ளைகள், அறுபது தாண்டியவர்கள் எல்லாரும் ஒரே வட்டத்தில். ஆசிரியர் மைக்கில் பாடிக்கொண்டே அடவு சொல்கிறார். ஒரு இளைஞர் முன்னால் போகிறவரின் காலையே பார்த்து ஆடி, திரும்ப வேண்டிய இடத்தில் நேராகப் போய்விட்டார். பின்னால் வந்த பெண், "ஏனுங்க, மூணாவது தட்டுக்குத் திரும்போணும்" என்றார். "சரிங்க" என்றவர் அடுத்த சுற்றிலும் தப்பவிட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "என் காலைப் பார்த்து வைங்க" என்று அவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அன்றைக்கு அவர்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். கவனித்தீர்களா, அந்த இளைஞர் பேச விஷயம் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. ஆட்டமே விஷயத்தைக் கொடுத்தது. தப்பியதே பேசக் காரணமாக இருந்தது. அடுத்த வாரம் பார்க்கும்போது "திருப்பம் வந்துருச்சுங்களா?" என்று கேட்க ஒரு கேள்வி தயாராகக் காத்திருக்கும். சில ஊர்களில் இந்தக் குழுக்கள் ஒரே சாதி வட்டமாகச் சுருங்கியிருக்கின்றன, அதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

ஆட்டம் வேண்டாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவையில் குளம் சுத்தம் செய்யும் தன்னார்வலர்களோடு சேரலாம். திருப்பூரில் மரம் நடுகிற 'வனத்துக்குள் திருப்பூர்' இருக்கிறது. பறவை பார்ப்பது கூச்சக்காரர்களுக்கு என்றே அமைந்த வேலை. சிங்காநல்லூர் குளத்திலோ, 2024இல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த திருப்பூர் நஞ்சராயன் குளத்திலோ ஒரு குழுவோடு போனால், மெதுவாகப் பேசுவதுதான் அங்கே மரியாதை, எல்லோர் கண்ணும் தண்ணீர் மேல் இருக்கும், உங்கள் முகத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. ஈரோடு புத்தகத் திருவிழா அருமையானது, ஆனால் வருடத்துக்கு ஒருமுறை வருவது பழக்கத்துக்குப் போதாது.

கிணற்றில் நீச்சல் பழக்குகிறவர்கள் முதுகில் சுரைக்குடுவை கட்டிவிடுவார்களே, அந்த வேலையைத்தான் இந்த இடங்கள் உங்களுக்குச் செய்கின்றன.

பேச்சு தொடங்கிய பிறகு கூச்சக்காரர்கள் சறுக்குவது எங்கே என்றால், பதிலில். "ஊருக்குப் போயிருந்தீங்களா?" என்று ஒரு பெண் கேட்டால் "ஆமாங்க" என்று நிறுத்திவிடுகிறார்கள். கேட்டவருக்குப் பிடிக்க ஒரு நுனியும் இல்லை. "ஆமாங்க, மஞ்சள் வெட்டு. அப்பாவுக்கு முட்டி வலி, நான் போகலைன்னா சிரமப்படுவாரு" என்று சொல்லிப் பாருங்கள். மேற்கொண்டு ஒரு வாக்கியம்தான். அதற்குள் உங்கள் ஊர், உங்கள் அப்பா, உங்கள் பாசம் எல்லாம் வந்துவிட்டது. பிறகு "உங்கூட்டுல எப்படிங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். 1997இல் ஆர்தர் ஏரன் குழு, அறிமுகமில்லாத இருவரை 36 கேள்விகளோடு முக்கால் மணி நேரம் உட்கார வைத்தது. கேள்விகள் சாதாரணமாகத் தொடங்கிப் போகப்போக ஆழமாகும், இருவரும் மாறி மாறிப் பதில் சொல்ல வேண்டும். வெறும் அரட்டை அடித்தவர்களைவிட அவர்களுக்குள் நெருக்கம் அதிகமாக இருந்தது. மாறி மாறி என்பதைக் கவனியுங்கள். கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டே போனால் அது விசாரணை, தன்னைப் பற்றியே பேசினால் அது புலம்பல்.

வாட்ஸ்அப் உதவும், ஆனால் எழுதி அழித்து எழுதி அழித்து அனுப்புகிற ஆளாக மட்டும் அவருக்குத் தெரிய வந்தால் நேரில் பார்க்கும்போது இரண்டு மடங்கு கூச்சம் வரும். நேரில் பேசியதன் தொடர்ச்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பழகிய பிறகு கேட்பது பெரிய விஷயமாக இருக்காது. "அடுத்த ஞாயிறு குளத்துக்கு வந்துட்டு அப்படியே ஒரு காபி குடிக்கலாங்களா?" அவ்வளவு போதும். "பார்க்கலாங்க" என்று சொல்லி வேறு நாளும் சொல்லவில்லை என்றால், இரண்டாம் முறையும் அப்படியே என்றால், வேண்டாம் என்று அர்த்தம். மூன்றாம் முறை கேட்காதீர்கள். வலிக்கும்தான், ஆனால் மற்றவர்களும் இருக்கிற குழுவில் பழகியிருப்பதால் உங்கள் ஞாயிற்றுக்கிழமை காலியாகிவிடாது.

இங்கே நம் ஊர் நிலைமையைச் சொல்லாமல் போக முடியாது. காதல் நம் பக்கத்தில் மனசு சம்பந்தப்பட்டது மட்டுமில்லை. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், சாதி மாறிக் கல்யாணம் செய்த குற்றத்துக்காக ஒரு இளைஞரை நட்டநடுப் பகலில் பலர் பார்க்க வெட்டிக் கொன்றார்கள். அதனால் சில கூச்சக்காரர்களின் பயத்தில் நியாயமும் இருக்கிறது. பெண்ணின் பயம் உங்கள் பயத்தைவிடப் பெரியது, அவர் மெதுவாக அடியெடுத்து வைத்தால் பொறுத்திருங்கள். வயது வந்த இருவர் மணமுடிக்கக் குடும்பத்தின், சாதியின் சம்மதம் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அப்படிப்பட்டவர்களைப் பாதுகாக்க மாவட்டந்தோறும் தனிப் பிரிவு அமைக்கவும் உத்தரவிட்டது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் முப்பது நாள் நோட்டீஸ் உண்டு, அது பதிவு அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்படும். வீட்டில் ஆபத்து இருக்கும் என்றால் நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே வழக்கறிஞரைப் பார்த்துவிடுவது நல்லது.

இதைப் படிக்கும் பெண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கூச்சமுள்ள பெண்ணை நம் பக்கம் "அடக்கமான அம்மிணி" என்று பாராட்டிவிடுவதால் அவர் படும் பாடு யாருக்கும் தெரிவதில்லை. ஆண் வந்து கேட்கட்டும் என்று காத்திருப்பது, கேட்டவர் யாராக இருந்தாலும் மறுக்க வாய் வராமல் தலையாட்டிவிடுவது, இரண்டும் ஆபத்து. கூச்சமுள்ள பெண்கள் முதலில் பழக வேண்டியது "வேண்டாங்க" என்று சொல்வதை. அது வந்துவிட்டால் பிடித்தவரிடம் பேசுவதும் சுலபமாகிவிடும்.

ஜாதகம் எடுத்துவிட்டார்கள் என்று பதறுகிறீர்கள். வீட்டார் பார்த்த பெண்ணோடும் காதல் வரும், ஆனால் பழக அவகாசம் வேண்டும். மாடியில் பத்து நிமிடம் நிற்கவைத்து "பேசிட்டீங்களா?" என்று கேட்டால் உங்களைப் போன்றவருக்கு அது வெறும் தண்டனை. உங்கள் அம்மாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள்: உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்வதற்கு முன்னால் இரண்டு மூன்று முறையாவது அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து பேச வேண்டும், அவருக்கும் விருப்பம் இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு என்று. கோயிலோ, நடக்கிற இடமோ, ஏதாவது செய்துகொண்டே பேசக்கூடிய இடமாகக் கேளுங்கள். முதல் சந்திப்பிலேயே, "எனக்குப் பேச்சு கொஞ்சம் மெதுவாத்தாங்க வரும், ஆனா பேசோணும்னு இருக்கு" என்று சொல்லிவிடுங்கள். பதிலுக்கு அவர் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். அடுத்து என்ன பேசுவது என்பது அதிலிருந்தே கிடைக்கும்.